முகப்பும் கொல்லையும்

தாம்பரத்துக்கு மேற்கே, வாலாஜாபாத் செல்லும் வழியில் உள்ள படப்பை, வீட்டை ஒட்டிய தோட்டத்தையும் கொல்லையையும் பழந்தமிழில் குறித்து வந்த ஒரு சொல்லைத் தன் பெயராகக் கொண்ட ஊராகும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் எடுக்கப்பட்ட வீட்டுப் புகைப்படங்களைப் பார்ப்பவர்க்கு அச்சொல் சுட்டும் தோட்டம் பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை. படுவது வேறொரு தோட்டம்.

கோட்டைக்கு வெளியே எழும்பூர், நுங்கம்பாக்கம், தேனாம்பேட்டை, அடையாறு எனப் பரவிய 'தோட்ட வீடுகள்', அதாவது பல ஏக்கர் காம்பவுண்டின் நடுவில் சுண்ணாம்புப் பூச்சு பளபளக்க நின்ற பங்களாக்கள், முதலில் ஐரோப்பியருக்கும் பின்னர் வழக்கறிஞர், வணிகர், ஜமீன்தார் ஆகியோருக்கும் உரியவையாயின. 1835இல் தொடங்கப்பெற்ற சென்னை வேளாண் தோட்டக்கலைச் சங்கம் வளர்த்த ரசனை இவற்றின் முன்புறத்தில் படிந்திருந்தது: வண்டி வந்து நிற்கும் போர்டிகோ, வளைந்த செம்மண் பாதை, படிகளின் இருபுறமும் குரோட்டன்ஸ் தொட்டிகள். மவுண்ட் ரோட்டில் இயங்கிய வீலி அண்ட் க்ளைன் போன்ற நிலையத்தார் எடுத்த படங்களிலும், சாமர்செட் பிளேன் தொகுத்து 1914-15இல் வெளிவந்த தென்னிந்தியா பற்றிய பெருநூலிலும் இத்தகைய முகப்புகளே இடம்பெற்றன. வீட்டுக்காரர் காட்ட விரும்பியது முகப்பு என்பதால் படக்காரரும் அங்கேயே முக்காலியை நிறுத்தினார் எனலாம்.

இப்படங்களை அப்படியே நம்புவதற்கில்லை. வெள்ளி உப்பு கலந்த ஜெலட்டின் பூசிய அக்காலக் கண்ணாடித் தட்டு நீல ஒளிக்கு மிக விரைவாகவும், சாயமேற்றிய வகையாயின் பச்சைக்கும் ஓரளவு இசைந்ததேயன்றிச் சிவப்பை உணராதது; ஆகவே ஓட்டுக்கூரையும் சிவந்த குரோட்டன் இலையும் கருத்துப்போக, வானம் மேகமற்ற வெள்ளைத் தாளாயிற்று. துயரம் தோய்ந்தவை போலத் தோன்றும் அத்தோட்டங்கள் உண்மையில் கண்ணைப் பறிக்கும் வண்ணத்தில் இருந்திருக்க வேண்டும்.

திண்ணை வீட்டின் நிலைமை வேறு. அதன் திண்ணை தெருவைத் தொட்டிருந்தது. வாசலையும், வாசலுக்கும் முற்றத்துக்கும் இடைப்பட்ட ரேழி என்னும் நடையையும் கடந்து சென்றால்தான் கொல்லை வரும். தெருவில் நின்ற கேமராவுக்குத் தூணும் கோலமும் கிடைத்தனவேயொழிய, கிணற்றடி நீர் பாய்ந்து வளர்ந்த வாழையோ, முருங்கையோ, கறிவேப்பிலையோ கிடைக்கவில்லை. அடுக்களைக்கு அன்றாடம் காயும் இலையும் தந்த இத்தோட்டத்தைப் படமெடுக்கக் காசு கொடுப்பாரும் இல்லை. பங்களாப் படங்களிலும் அது ஓரத்தில் மட்டுமே எட்டிப் பார்க்கும்: வேலையாட்கள் குடியிருந்த பின்கட்டுச் சுவருக்கு மேலே, தட்டு ஒளி வாங்கி முடிவதற்குள் காற்றில் அசைந்துவிட்டதால் உருக்கலங்கிப் பதிந்த ஒரு வாழையிலை.