கஸபதுர் ரிஆ: மூச்சுக்குழலும் முஸ்லிம் மருத்துவர்களும்

கம்பம் பள்ளத்தாக்கில் மோட்டார் வைத்துப் பாசனம் செய்வோர் இருவகைக் குழாய்களை அறிவர். கிணற்று நீரை உறிஞ்சும் குழாய், சுவரினுள் சுருள் வளையம் கொண்டு விறைப்பாக இருக்கும். நீரை வயலுக்குக் கொண்டுசெல்லும் குழாயோ, நீர் நின்றதும் தட்டையாகப் படிந்துவிடும். முன்னதில் வளையம் இல்லையேல், உறிஞ்சும் விசையில் அதன் சுவர்களே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

நம் கழுத்திலும் இத்தகைய இரு குழல்கள் உள்ளன. பின்னால் இருப்பது மென்மையான உணவுக்குழல். முன்னால் இருப்பது மூச்சுக்குழல். ஏறத்தாழ 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளமுள்ள அதனை 16 முதல் 20 வரையிலான குருத்தெலும்பு வளையங்கள் தாங்குகின்றன. மூச்சை உள்ளிழுக்கையில் குழல் ஒடுங்கிவிடாமல் காப்பவை இவையே. ஆனால் இவை முழு வளையங்கள் அல்ல; பிறை வடிவினவை. பின்புறத்தில் குருத்தெலும்பு இல்லை. தசையும் சவ்வுமே உள்ளன. உணவுக் கவளம் இறங்குகையில் அச்சவ்வு இடங்கொடுக்கிறது. இருமும்போது அது உள்நோக்கி வளைந்து குழலைக் குறுக்க, காற்று விரைந்து சளியை வெளியேற்றுகிறது. குறைபோல் தோன்றும் அவ்விடைவெளி, படைத்தவனின் நுண்ணிய ஏற்பாடு.

அரபு மருத்துவர்கள் இதனைக் 'கஸபதுர் ரிஆ', அதாவது நுரையீரலின் நாணற்குழல் என்றனர். இதன் அமைப்பை முதலில் விளக்கியவர்கள் அவர்கள் அல்லர். கிரேக்க அறிஞர் ஜாலினூஸ் முன்பே எழுதியுள்ளார். இப்னு சீனா (980-1037) தமது 'அல்கானூன்' நூலில் அவ்வறிவை ஒழுங்குபடுத்தினார். மூச்சுத் திணறுவோரின் தொண்டையில் பொன் அல்லது வெள்ளிக் குழல் செலுத்தும் முறையையும் குறித்தார்.

எனினும், குழலை வெட்டினால் குருத்தெலும்பு மீண்டும் கூடாது என்ற அச்சம் நெடுங்காலம் நிலவியது. குர்துபாவின் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, மூன்று அல்லது நான்கு வளையங்களுக்குக் கீழே, குருத்தெலும்பைத் தொடாமல் இடைச்சவ்வில் மட்டும் கீறும் முறையை முன்னோர் வழிநின்று 'அத்தஸ்ரீஃப்' நூலில் விவரித்தார். தம் நாட்டில் அதனைச் செய்தவர் எவரையும் தாம் அறியவில்லை என்றும் ஒளிக்காமல் எழுதினார். ஆயினும், மூச்சுக்குழல் வெட்டுண்ட ஓர் அடிமைப் பெண்ணின் காயத்தை அவரே தைத்தார். அவள் பிழைத்தாள், குரல் மட்டுமே கம்மியது. இச்சிகிச்சையில் ஆபத்தில்லை என்ற முடிவுக்கு அவர் வந்தது இக்காட்சியால்தான்.

இஷ்பீலியாவின் இப்னு ஸுஹ்ர் (மறைவு 1162) இன்னும் ஒருபடி சென்றார். ஓர் ஆட்டின் மூச்சுக்குழலில் சிறு துண்டை வெட்டியெடுத்து, தேன்நீரால் கழுவிவந்து, காயம் ஆறுவதைக் கண்டு 'அத்தைஸீர்' நூலில் பதிவு செய்தார்.

இன்றும் அறுவை மருத்துவர்கள் மூச்சுக்குழலைத் திறக்க ஏறக்குறைய அதே இடத்தையே தேர்கின்றனர். 'எல்லாம் நம் முன்னோர் கண்டதே' என மேடைகளில் முழங்குவது அவர்களுக்குச் செய்யும் மரியாதையாகாது. பிறரிடம் கற்றதை மறைக்காமல் ஏற்று, தம் கண்ணால் கண்டும் கையால் சோதித்தும் அதனை வளர்த்தார்களே, அதுவே அவர்கள் நமக்கு விட்டுச்சென்ற சொத்து. நம் மத்ரஸாக்களிலும் கல்லூரிகளிலும் அவ்வழக்கத்தை மீட்பது நம் கடமை.