கணக்கேடு யார் கையில்? தோட்டத்துச் செக்ரோல் முதல் பல்கலைக்கழகக் கணக்கியல் துறை வரை



அண்மையில் என் முன்னாள் மாணவி ஒருத்தி ஈப்போவிலுள்ள என் இல்லத்திற்கு வந்திருந்தாள். பல்கலைக்கழகத்தில் கணக்கியல் பட்டம் பெற்று, இப்போது கோலாலம்பூரில் தணிக்கைப் பணியில் இருக்கிறாள். அவள் படித்த கணக்கியல் துறையில், புதிய மாணவர்களிடம் பேசுவதற்காகப் பழைய மாணவர்கள் சிலரை அழைத்திருந்தார்களாம். "உங்கள் குடும்பத்தில் நீங்கள்தாம் முதல் கணக்காளரா?" என்று அங்கே ஒருவர் கேட்டிருக்கிறார்.

"ஆமாம் என்று சொல்லிவிட்டேன் ஐயா. வீட்டுக்குத் திரும்பும்போதுதான் பாட்டியின் நினைவு வந்தது. அவர் எழுத்தறியாதவர். ஆனால் வேலைக்குப் போன ஒவ்வொரு நாளும் லயத்துச் சுவரில் கரிக்கட்டியால் ஒரு கோடு போடுவாராம். சம்பள நாளில் அந்தக் கோடுகளை எண்ணிப் பார்ப்பாராம். அப்படியென்றால் எங்கள் வீட்டு முதல் கணக்காளர் நானா, பாட்டியா?"

அவள் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்கோ அந்தக் கேள்வி பல நாள் உறக்கத்தைக் கெடுத்தது. அதன் விளைவே இக்கட்டுரை.

கணக்கு நமக்குப் புதியதன்று

தமிழர்க்குக் கணக்கு வராது என்று நம்மவரே சிலர் கூறக் கேட்டிருக்கிறேன். வரலாறு அவ்வாறு கூறவில்லை. பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஊர் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலையால் தேர்ந்தெடுத்த முறையை விரித்துரைக்கிறது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் விட்டவர் மட்டுமல்லர், அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் அப்பொறுப்புக்கு வரவியலாது என்பது அங்குள்ள விதிகளுள் ஒன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கணக்குக் காட்டாமை தகுதியிழப்பாக இருந்திருக்கிறது!

திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி மனப்பாடமாக ஓதப்பட்டது. கால், அரைக்கால், மாகாணி, மா, காணி என்று குறைந்துகொண்டே போய், 320இல் ஒரு பங்காகிய முந்திரி வரையில் பின்னங்களுக்குப் பெயரிட்டு வழங்கிய மொழி நம்முடையது.

இவ்வறிவைக் கடல் கடந்து மலாயாவுக்குக் கொண்டுவந்தவருள் நகரத்தார் தலையாயவர். அவர்தம் கிட்டங்கிகளில் பயிற்சி படிப்படியாக நடந்தது. பெட்டியடிப் பையனாகச் சேரும் சிறுவன் அடுத்தாளாக உயர்ந்து, பின்னர் மேலாளாவான். கடல் கடந்த ஊரில் பணிபுரியும் தவணைக்கே 'கணக்கு' என்றுதான் பெயர். குறிப்பேடு, பேரேடு, பற்று, வரவு, ஐந்தொகை ஆகிய சொற்கள் அந்தப் பெட்டியடிகளில் நாள்தோறும் புழங்கின. 1494ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் அச்சான லூக்கா பாச்சோலியின் நூலிலிருந்து உலகக் கணக்கியல் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். தொடங்கட்டும்! நம் பிள்ளைகள் பேரேட்டையும் ஐந்தொகையையும் அறிந்துகொண்டு அந்நூலுக்குச் சென்றால் கணக்கியல் அவர்களுக்கு அயல்வீட்டுப் பொருளாகத் தோன்றாது.

செக்ரோல் என்னும் ஏடு

இருப்பினும், பேரா மாநிலத் தோட்டங்களில் பால்மரம் சீவிய நம் பாட்டன் பாட்டியர் கையில் அந்தப் பேரேடு இருக்கவில்லை. அவர்களுடைய கணக்கை எழுதியது செக்ரோல்.

விடியுமுன் பெரட்டுக்களத்தில் ஆள்கள் வரிசையில் நிற்பர். தண்டல் ஆளைக் காட்ட, கிராணி பெயரைக் குறிப்பார். அன்று பெயர் விழுந்தால்தான் சம்பளம். பிற்பகலில் பால் ஸ்டோரில் ஒவ்வொருவரின் பாலையும் நிறுத்து, அதில் எவ்வளவு உலர்ந்த இரப்பர் தேறும் எனச் சோதித்து எழுதுவர். தலைக்குமேல் கங்காணிக்குத் தலைக்காசு. கடையில் வாங்கிய அரிசி, புளிக்குப் பற்று. மாத முடிவில் எல்லாம் கூட்டிக் கழித்துக் கைக்கு வருவதை வாங்கிக்கொண்டு, உழைத்தவர் பெருவிரலை மையில் தோய்த்து ஏட்டில் பதிப்பார். அந்த ஏட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அவரால் படிக்க இயலாது.

அன்றைய கூலியைப் பாருங்கள். 1920களின் இறுதியில், எளிதில் சென்றடையக்கூடிய வட்டாரங்களில் இந்தியத் தொழிலாளர்க்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. உலகப் பொருளாதார வீழ்ச்சி வந்ததும் 1930இல் அது ஆணுக்கு 40, பெண்ணுக்கு 32 எனக் குறைக்கப்பட்டது. கூலித் தகராறு முற்றி, 1938ஆம் ஆண்டு இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தையே நிறுத்தியது. 32 காசு நாட்கூலியில் ஒரு நாள் பெயர் விடுபட்டால் அந்தக் குடும்பத்தின் அடுப்பில் அதன் விளைவு தெரியும். லயத்துச் சுவரில் அந்தப் பாட்டி போட்ட கரிக்கோட்டின் பொருளும் இதுவே.

என் தந்தையாரின் குறிப்பேடு

என் சொந்த அனுபவம் ஒன்றையும் கூறுகிறேன். நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நான்காம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். என் தந்தையார் ஐந்து காசுக்கு ஒரு சிறு குறிப்பேடு வாங்கி வந்து, "தம்பி, இனிமேல் அப்பா சொல்வதை ஒவ்வொரு நாளும் இதில் எழுது" என்றார். தேதி, சீவிய நிரை, நிறுத்த பால். இவ்வளவுதான். இரண்டாவது வாரத்தில் என் தாயார், "கள்ளுக்கடைக்குப் போனதையும் சேர்த்து எழுதுப்பா" என்றார். அதில் தந்தையாருக்கு அவ்வளவு விருப்பமில்லை. ஆயினும் எழுதினேன்.

மூன்றாம் மாதம் சம்பளத்தில் இரண்டு நாள் குறைந்தது. தந்தையார் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு, என் கையையும் பிடித்துக்கொண்டு அலுவலகத்திற்குச் சென்றார். உள்ளே போகவில்லை, சன்னலுக்கு வெளியே நின்றார். கிராணி ஐயா குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் செக்ரோலை எடுத்தார். அதே பெயருடைய இன்னொருவருக்கு அந்த இரண்டு நாளும் ஏறியிருந்தன. திருத்தினார். "இதை எழுதியது யார்?" என்று கேட்டார். "பையன்தாங்க ஐயா" என்று சொன்ன தந்தையாரின் குரல் இன்றும் என் செவியில் ஒலிக்கிறது.

கிராணியை நான் குறை சொல்லவில்லை. அவர் நேர்மையானவர், அதனால்தான் திருத்தினார். ஆனால் குறிப்பேடு இல்லாதிருந்தால் அந்த நேர்மைக்கும் வேலை இருந்திருக்காது. அடுத்த மாதம் முதல் எங்கள் லயத்தில் ஏழு குடும்பங்களுக்கு நான் கணக்கு எழுதினேன். அவ்வேலைக்கு என் கல்வித் தகுதி நான்காம் வகுப்பு!

பத்து வெள்ளியில் எழுந்த கணக்கு

விடுதலைக்குப் பின் புதிய இடர் வந்தது. வெளிநாட்டு முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றுவிட்டு வெளியேறினர். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டுபோட்டு விற்றனர். தொழிலாளர் வேலையையும் வீட்டையும் ஒருங்கே இழந்தனர். பிள்ளைகள் குறைந்த தோட்டங்களில் தமிழ்ப்பள்ளிகளும் தள்ளாடின. இத்துண்டாடலை முறையாக ஆராய்ந்தது மலாயாப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் துறை. பேராசிரியர் உங்கு அசீஸ் தலைமையில் 1951 முதல் 1960 வரையிலான நிலையை ஆய்ந்த அறிக்கை 1962இல் வெளிவந்தது. பல்கலைக்கழகம் ஒன்று நம் லயங்களின் துயரைக் கணக்கில் எழுதிய நிகழ்வு அது.

அதற்குள் நம்மவரும் செயலில் இறங்கியிருந்தனர். பேரா, சுங்கை சிப்புட்டில் 1919இல் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் அவர்கள் 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தோட்டந்தோட்டமாகச் சென்று, தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் திரட்டினார். 1961இல் கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. பால் வெட்டியவரே தோட்டத்தின் பங்குதாரர் ஆனார். அதுவரை சம்பள ஏட்டில் மட்டுமே இருந்த பெயர், முதன்முறையாக உரிமையாளர் ஏட்டில் ஏறியது!

என் தந்தையாரும் உறுப்பினர்தாம். சேர்ந்த நாளில், "பெருவிரல் வேண்டாம், கையெழுத்தே போடுகிறேன்" என்று இரண்டு இரவுகள் சிலேட்டில் எழுதிப் பழகினார்.

பல்கலைக்கழக வாயில்

1966ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு நடைபெற்றதை நாம் பெருமையுடன் நினைவுகூர்கிறோம். அதே ஆண்டில் அதே வளாகத்தில் பொருளியல், நிர்வாகவியல் புலம் தொடங்கப்பெற்றதை ஏனோ மறந்துவிடுகிறோம். கணக்கியல் கல்வி அப்புலத்தின் நிழலில் வளர்ந்தது. 1997இல் வணிக, கணக்கியல் புலம் தனியாக அமைந்தது. 1967ஆம் ஆண்டுக் கணக்காளர் சட்டத்தின்கீழ் மலேசியக் கணக்காளர் கழகம் அமைந்தது. ஏற்கப்பெற்ற உள்நாட்டுப் பல்கலைக்கழகப் பட்டமும் உரிய பணி அனுபவமும் உடையவர் பட்டயக் கணக்காளராகப் பதிவு பெறும் வழி அதனால் திறந்தது. இலண்டனுக்குச் செல்ல வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இஃது எத்துணைப் பெரிய கதவு!

1984இல் உத்தாரா மலேசியப் பல்கலைக்கழகமும், 2002இல் துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழகமும் தோன்றின. பின்னதன் கம்பார் வளாகம் 2007இல் நம் பேராவிலேயே, பழைய ஈயலம்ப நிலத்தில் எழுந்தது. அங்கும் கணக்கியல் பயிலலாம். தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறி, லயங்கள் மறைந்துவிட்ட இந்நாளில், லயத்துப் பேரப்பிள்ளைகள் வீட்டிலிருந்து பேருந்தில் சென்று கணக்கியல் பட்டம் பெறும் நிலை வந்திருக்கிறது.

நாம் செய்யக்கூடியவை

பட்டம் பெற்ற பிள்ளைகளை மேடையேற்றி மாலையிட்டு அனுப்பிவிடுகிறோம். அவர்களிடம் வேலையும் கேட்போம். நம் கோயில்களுக்கும் சங்கங்களுக்கும் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் கணக்கு உண்டு. ஆண்டுக்கூட்டத்தில் பாதிப் பூசல் கணக்கறிக்கையில்தான் எழுகிறது. கணக்கியல் பயின்ற முன்னாள் மாணவர் ஒருவர் ஆண்டுக்கு இரண்டு நாள் ஒதுக்கி நம் ஏடுகளைப் பார்த்துத் தந்தால், உத்திரமேரூர்ச் சபையோர் விதித்ததை நாமும் நிறைவேற்றியவர்களாவோம்.

ஆசிரியர்களுக்கு ஒன்று: கணிதப் பாடத்தில் பணம் பற்றிய பகுதி வரும்போது பற்று, வரவு, இருப்பு என்னும் சொற்களைச் சேர்த்துக் கற்பியுங்கள். இடைநிலைப்பள்ளியில் கணக்கியல் கோட்பாடுகள் பாடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அந்த மாணவர் அச்சமின்றி நுழைவார்.

பெற்றோர்களுக்கு ஒன்று: ஒரு மாத வீட்டுச் செலவைப் பிள்ளையிடம் சொல்லி எழுதவையுங்கள். உங்களுக்கு விருப்பமில்லாத செலவையும் சேர்த்தே சொல்லுங்கள். என் தந்தையார் சொன்னார். அதனால் அவருக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. வீட்டில் பழைய சம்பளச் சீட்டு, கூட்டுறவுப் புத்தகம், சேமநிதி அறிக்கை இருந்தால் எறிந்துவிடாதீர்கள். அவை நம் வரலாற்றுச் சான்றுகள்.

என் மாணவியின் கேள்விக்கு விடை எழுதி அனுப்பிவிட்டேன்: "உன் பாட்டிதானம்மா முதல் கணக்காளர். அடுத்த முறை யாரேனும் கேட்டால் அவர் பெயரைச் சொல்."

சொல்கிறேன் என்று மறுமொழி வந்தது.