ஈக்கும் ஒரு கல்வெட்டு

சிதம்பரம் கோவிலில் கல்வெட்டுப் படிக்கிறவர்கள் முதலில் தேடுவது அரசன் பெயரையும் ஆட்சியாண்டையும்தான். அவை சிதைந்திருந்தால், மற்ற வரிகள் இருந்தும் சரித்திரத்துக்குப் பாதிப் பயன். ஈயின் சங்கதியும் இதுதான் என்றால் சிரிப்பீர்கள்.

சிப்பாய் ஈ என்று ஒரு குடும்பம் உண்டு. குளவி வேஷம் போட்டுப் பூக்களில் உட்காரும் சாதுக்கள். பலவற்றின் முதுகுக் கோடியில் முட்கள் துருத்தி நிற்பதால் இந்தப் பட்டாளப் பெயர். சில வகைகளின் புழுக்கள் தண்ணீரில் வளரும். வால் நுனி ரோமங்களை நீர்மட்டத்தில் விரித்து மூச்சு வாங்கும். கடலூர், சிதம்பரம் பக்கத்து வயலும் வாய்க்காலும் இவற்றுக்கு ஏற்ற இடம். வளர்ந்த ஈயை அடையாளம் காணச் சிறகைப் பார்க்க வேண்டும்: நடுவே ஒரு சின்னக் கட்டம், நரம்புகளெல்லாம் முன் விளிம்போரம் நெருங்கியிருக்கும்.

இந்தக் கரையின் பூச்சிகளைப் பதிந்தவர்களில் நிஜமான பட்டாளக்காரர் ஒருவரும் உண்டு. கொள்ளிடம் தாண்டி, சீகாழிக்கும் தெற்கே, அன்று டேனிஷ்காரர் ஆண்ட தரங்கம்பாடியில் இருந்த லெப்டினன்ட் டால்டார்ஃப். 1791 நவம்பரில் பனையேறும் மீனைப் பிடித்ததாக எழுதிப் பேர் வாங்கியவர். அவர் சேர்த்த பூச்சிகள் பேராசிரியர் ஃபாப்ரீஷியஸுக்குப் போயின. 1805இல் இருசிறகுப் பூச்சிகளுக்கென்றே லத்தீனில் நூல் எழுதிய மேதை அவர். அவருடைய நூல்களில் நம் தரங்கம்பாடி லத்தீன் உடையில் அடிக்கடி தலை காட்டுகிறது. பிறகு 1920இல், சங்கீதத்தைத் தொழிலாகக் கொண்டிருந்த புரூனெட்டி, இந்தியச் சிப்பாய் ஈக்களையும் அவற்றின் உறவுக் குடும்பங்களையும் ஒரே நூலில் தொகுத்தார்.

ஆனால், ஃபாப்ரீஷியஸ் காலத்துக் குறிப்புகளில் பெரும்பாலும் ஊர்ப் பெயரோடு சரி. எந்த மாதம், வயலா தோப்பா என்பதில்லை. வலை வீசிய உள்ளூர்ப் பையன் எவனேனும் இருந்திருந்தால் அவன் பெயரும் இல்லை.

இதனால் என்ன நஷ்டம்? அமெரிக்கக் கண்டத்துக் கறுப்புச் சிப்பாய் ஈ இன்று இந்தியாவிலும் குடியேறிவிட்டது. குப்பையைத் தின்ன அதை வளர்க்கவும் செய்கிறார்கள். அது எந்த வருஷம் எந்த ஊருக்கு வந்தது என்று சொல்ல, ஊரும் தேதியும் எழுதி ஊசியில் குத்திய பழைய ஈதான் சாட்சி. ஒரு வயலில் இருந்த ஈ இன்று இல்லை என்று வழக்காடவும் அதே சாட்சிதான் வேண்டும்.

கைபேசியில் ஈயைப் படம் பிடிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. படத்தோடு நாளையும், ஊரையும், வாய்க்கால் ஓரமா எருக்குழியா என்பதையும் எழுதி வையுங்கள். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. பின்னால் வருகிறவன் கண்டுபிடித்துக்கொள்வான். எழுதாமல் விட்ட தேதியை எவனாலும் கண்டுபிடிக்க முடியாது.