எலிமினேட்டர்: ஒரு பெயரின் நெடும்பயணம்

சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று அமைத்த சென்னை மாகாண ரேடியோ சங்கம் 1924-இல் ஒலிபரப்பைத் தொடங்கிய காலத்தில், வால்வு ரிசீவர்கள் பேட்டரிகளை நம்பியே இயங்கின. வால்வின் இழையைச் சூடாக்கச் சில வோல்ட் போதுமாயினும், அவ்விழை உமிழும் எலக்ட்ரான்களைத் தகட்டுக்கு ஈர்க்க 45, 90 வோல்ட் என்ற அளவில் வேறொரு பேட்டரி வேண்டியிருந்தது. கம்பி மாறி உயர்மின்னழுத்தம் இழைக்குப் பாய்ந்தால் விலையுயர்ந்த வால்வுகள் அத்தனையும் ஒரு நொடியில் எரிந்துபோகும். ஆகவே பிரிட்டனில் ரேடியோ கட்டியவர்கள், உயர்மின்னழுத்தக் கம்பியின் நடுவே டார்ச் விளக்கின் சிறு பல்பு ஒன்றைப் பியூஸாக இணைத்தனர். கைப்பிழைக்குப் பல்பு பலியாகும், வால்வு தப்பும். மிக மலிவான, மிகச் சிறந்த ஏற்பாடு அது.

பேட்டரியை விலக்கி வீட்டு மின்சாரத்திலிருந்தே ரிசீவருக்கு ஊட்டம் தரும் பெட்டிக்கு 1920-களில் 'பேட்டரி எலிமினேட்டர்' என்று பெயர் வந்தது. தமிழகத்தில் அப்பெயர் ஊன்றியது டிரான்சிஸ்டர் காலத்தில்தான். குடைவரை அரங்கநாதர் கோயிலால் பெயர்பெற்ற, செஞ்சிக்கு அருகிலுள்ள சிங்கவரம் போன்ற சிற்றூர்களில், ஓய்ந்துபோன பேட்டரிக் கட்டைகளை வெயிலில் காயவைத்து மேலும் சில மணிநேரம் பாட்டுக் கேட்பது ஒரு தலைமுறைக்கே பழகிய சிக்கனம். மின்சாரம் எட்டிய வீடுகளில் பேட்டரியின் இடத்தை எலிமினேட்டர் பிடித்தது. ஆனால் மலிவான எலிமினேட்டரில் மின்னழுத்தத்தை நிலைநிறுத்தும் சுற்று இல்லாததால், 6 வோல்ட் என்று குறித்த பெட்டி, இழுக்கும் மின்னோட்டம் குறைவாயிருக்கையில் 8, 9 வோல்ட் வரைகூடக் காட்டும். பாட்டுப் பெட்டி பொறுத்துக்கொண்ட இக்குறையை, ரேடியோவால் இயக்கும் மாதிரி விமானத்தின் ரிசீவர் பொறுப்பதில்லை.

அமெரிக்காவின் குட் சகோதரர்கள் 1937-இல் பறக்கவிட்ட 'கஃப்' என்னும் ரேடியோ விமானமும் வால்வுக்குரிய பேட்டரிகளைச் சுமந்தே எழுந்தது. டிரான்சிஸ்டர் அச்சுமையைக் குறைத்தது. பின்னர் 1.2 வோல்ட் நிக்கல்-காட்மியம் செல்கள் நான்கைத் தொடராக இணைத்த 4.8 வோல்ட் கட்டு வழக்கமாகி, இன்றைய ரிசீவர்களின் 5 வோல்ட் பழக்கத்துக்கு அடியிட்டது. மின்மோட்டார் விமானங்களில் மோட்டாரின் பேட்டரியிலிருந்தே ரிசீவருக்கு 5 வோல்ட் பிரித்துத் தரும் சிறு சுற்று வந்தபோது, அதற்கும் பழைய பெயரே கிடைத்தது: 'பிஇசி', அதாவது பேட்டரி எலிமினேட்டர் சுற்று. அதன் எளிய வகை, மிகுதி மின்னழுத்தத்தை வெப்பமாகவே கழிக்கிறது, 12.6 வோல்ட் லித்தியம் கட்டிலிருந்து 1 ஆம்பியர் எடுத்தால் 7.6 வாட் வெப்பம், விரல் வைக்க முடியாத சூடு.

மேசைச் சோதனையில் அந்த டார்ச் பல்பின் வேலையை இன்று செய்வது, மின்னோட்ட வரம்புள்ள மின்வழங்கி. விமானத்தின் விசிறியைக் கழற்றிவிட்டு, இணைக்கும் முன்பே 5 வோல்ட்டும் 1 ஆம்பியர் வரம்பும் வைத்து, மீட்டரால் துருவங்களைச் சரிபார்ப்பது முறை. கறுப்பு அல்லது பழுப்புக் கம்பி எதிர்முனை, நடுவிலுள்ள சிவப்பு நேர்முனை, மூன்றாவது சைகைக் கம்பி. நேர்முனை நடுவில் இருப்பதால், செருகியைத் திருப்பிச் சொருகினாலும் நேரும் எதிரும் இடம் மாறுவதில்லை. சர்வோ மோட்டார்கள் பல ஒருசேர இழுக்கும்போது வரம்பு குறுக்கிட்டு மின்னழுத்தம் சரியும். ரிசீவர் அணைந்து மீண்டும் எழுவதைப் பழுதென்று கொள்வோர் பலர். பிஇசி உள்ளடங்கிய மோட்டார் வேகக்கட்டுப்பாட்டுக் கருவியும் உடனிருந்தால், அதிலிருந்து ரிசீவருக்கு வரும் சிவப்புக் கம்பியை மட்டும் செருகியிலிருந்து உருவிவிட வேண்டும். இல்லையேல் இரண்டு எலிமினேட்டர்கள் ஒரே ரிசீவருக்கு ஊட்ட முனைந்து ஒன்றோடொன்று மோதும்.