பகிர்செயலித் தொகுப்பு

பகிர்செயலித் தொகுப்பு என்பது, ஒரே வன்பொருளில் இயங்கும் பல மெய்நிகர் சேவையகங்களை ஒரு குழுவாகச் சேர்த்து, அவை கூட்டாகப் பயன்படுத்தும் செயலித் திறனுக்குப் பொதுவான உச்சவரம்பு விதிக்கும் முறை. ஐபிஎம் நிறுவனத்தின் பவர் வரிசைச் சேவையகங்களில் பவர்விஎம் மெய்நிகராக்கத்தின் ஓர் அங்கமாக இது உள்ளது. ஏஐஎக்ஸ், ஐபிஎம் ஐ, லினக்ஸ் ஆகிய இயங்குதளங்களைத் தாங்கும் சேவையகங்களுக்கு இது பொருந்தும்.

பின்னணி

2004-இல் வந்த பவர்5 தலைமுறை, ஒரு செயலியைப் பல மெய்நிகர் சேவையகங்கள் பகிர்ந்துகொள்ள வழிசெய்தது. இச்சேவையகங்கள் எல்பார் எனப்படும். ஓர் எல்பாருக்குக் குறைந்தது 0.1 செயலி ஒதுக்கலாம்; பவர்7+ முதல் இது 0.05 ஆகக் குறைந்தது. எல்பார்களுக்கு வன்பொருளைப் பங்கிடும் ஹைப்பர்வைசர் என்னும் மென்பொருள், நேரத்தை 10 மில்லிநொடிச் சுற்றுகளாகப் பிரிக்கிறது. 0.5 செயலி ஒதுக்கப்பட்ட எல்பாருக்கு ஒவ்வொரு சுற்றிலும் 5 மில்லிநொடி உறுதி.

உச்சவரம்புடைய எல்பார் தன் ஒதுக்கீட்டைத் தாண்டாது. அருகில் செயலிகள் சும்மா கிடந்தாலும் அதற்குப் பயனில்லை. உச்சவரம்பற்ற எல்பார், மீதமிருக்கும் திறனைத் தன் மெய்நிகர் செயலிகளின், அதாவது தன் இயங்குதளத்துக்குத் தெரியும் செயலிகளின், எண்ணிக்கை வரை எடுத்துக்கொள்ளும். முதல் வகையில் திறன் வீணாகிறது. இரண்டாம் வகையில் மொத்தப் பயன்பாடு கட்டுக்குள் நிற்பதில்லை. 2007-இல் வெளிவந்த பவர்6 தலைமுறையில் பல தொகுப்புகளை அமைக்கும் வசதி சேர்ந்து, இந்தச் சிக்கலைத் தீர்த்தது.

அமைப்பு

ஒரு கணினியில் 64 தொகுப்புகள் வரை அமைக்கலாம். 0 என்ற எண்ணுடைய இயல்புத் தொகுப்பு எப்போதும் இருக்கும். அதற்குத் தனி வரம்பு விதிக்க இயலாது. மற்றவற்றுக்கு இரண்டு மதிப்புகளை நிர்வாகி தருகிறார். உச்ச அளவு, தொகுப்பு முழுவதும் சேர்ந்து பயன்படுத்தக்கூடிய செயலிகளின் முழு எண். காப்பு அளவு, உறுப்பினர்களின் ஒதுக்கீட்டுக்கு மேல் தொகுப்புக்கென எடுத்துவைக்கும் திறன். இவற்றை எச்எம்சி என்னும் மேலாண்மை முனையத்திலிருந்து, சேவையகங்களை நிறுத்தாமலே மாற்றலாம்.

பங்கீடு

ஓர் எல்பார் பயன்படுத்தாமல் விட்ட திறன், முதலில் அதே தொகுப்பிலுள்ள உச்சவரம்பற்ற எல்பார்களுக்குச் செல்கிறது. அங்கும் மிஞ்சினால் பிற தொகுப்புகளுக்குப் போகிறது. போட்டி எழும்போது 0 முதல் 255 வரையிலான எடைமதிப்பு பங்கைத் தீர்மானிக்கும். இயல்பு மதிப்பு 128. எடை 0 எனில் அந்த எல்பார் உச்சவரம்புடையதாகவே நடந்துகொள்ளும்.

உரிமச் செலவு

இம்முறையின் முதன்மைப் பயன் மென்பொருள் உரிமத்தில் தெரிகிறது. 16 செயலிகள் கொண்ட கணினியில் ஆறு தரவுத்தள எல்பார்கள் உச்சவரம்பின்றி இயங்குவதாகக் கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் நான்கு மெய்நிகர் செயலிகள் எனில் கூட்டுத்தொகை 24. இது கணினியிலுள்ள செயலிகளைவிட அதிகம் என்பதால் 16 செயலிகளுக்கும் உரிமம் தேவைப்படும். அவற்றை உச்ச அளவு 6 கொண்ட தொகுப்பில் வைத்தால், ஐபிஎம்மின் துணைக்கொள்ளளவு உரிம விதிகளின்படி 6 செயலிகளுக்கு உரிமம் போதும். எல்லா மென்பொருள் நிறுவனங்களும் இக்கணக்கை ஏற்பதில்லை. ஒப்பந்தத்தைப் பார்த்த பின்பே தொகுப்பை வடிவமைக்க வேண்டும்.

கண்காணிப்பு

வரம்பு மிகக் குறுகினால், கணினியில் செயலிகள் ஓய்ந்திருக்கும்போதே தொகுப்பின் உறுப்பினர்கள் காத்திருக்க நேரும். ஏஐஎக்ஸில் எல்பார்ஸ்டாட் கட்டளை, ஓர் எல்பார் உண்மையில் எடுத்த செயலி அளவைக் காட்டும். உரிய அனுமதி தந்திருந்தால் தொகுப்பில் எஞ்சியிருப்பதும் தெரியும். ஒரே நேரத்தில் உச்சப் பளுவை எட்டும் சேவையகங்களை ஒரே தொகுப்பில் சேர்ப்பது நன்றன்று.

பிற தளங்கள்

விஎம்வேரின் வளத் தொகுப்புகளுக்கும் லினக்ஸின் சிகுரூப் படிநிலைகளுக்கும் இதே போலக் குழு வரம்பு விதிக்கலாம். ஐபிஎம் பெருங்கணினிகளில் குழுக் கொள்ளளவு வரம்பு, நான்கு மணிநேர நகரும் சராசரியை அடிப்படையாகக் கொண்டது. உச்சப் பளு வெவ்வேறு நேரங்களில் வரும் சேவையகங்களுக்கு, ஒவ்வொன்றையும் தனித்தனியே கட்டுவதைவிடக் குழுவாகக் கட்டுவதே சிக்கனமும் பயனும் தரும் வழி.