இளவேனிலைக் குறித்து வைத்தோர்

ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்து, சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என வழங்கினர் தமிழர். பருவத்தின் வரவை மலரைக் கொண்டும் பறவையின் குரலைக் கொண்டும் அறிவது எல்லா நாட்டு மக்களிடத்தும் உள்ள வழக்கமே. ஆயின், இன்ன பூ இன்ன நாளில் மலர்ந்தது, இன்ன பறவை இன்ன நாளில் வந்தது என்று ஆண்டுதோறும் ஏட்டில் எழுதி, அவ்வேட்டை வழிவழியாகக் காப்பது அரிய செயலாகும். இங்கிலாந்து நாட்டில் இப்பணி பதினெட்டாம் நூற்றாண்டிலேயே வேரூன்றியது. அதனை மேற்கொண்டோரிற் பெரும்பாலோர் அறிவியலைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். நிலக்கிழாரும், சமயகுருமாரும், பள்ளி ஆசிரியரும், ஊர்ப்புறத்து எளிய மக்களுமே ஆவர்.

நார்போக் மாவட்டத்தில் ஸ்ட்ராட்டன் ஸ்ட்ராலெஸ் என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூரின் நிலக்கிழார் இராபர்ட் மார்ஷம் (1708–1797) மரம் வளர்ப்பதில் தீராக் காதல் கொண்டவர். மரங்களின் வளர்ச்சியை அளந்து குறிப்பதில் இன்பங் கண்டவர். 1736ஆம் ஆண்டு முதல் இளவேனிலின் அறிகுறிகளையும் அவர் பதியலானார். குளிரின் இறுதியில் தலைகாட்டும் ஸ்னோடிராப் என்னும் வெண்பூ, ஓக் மரத்தின் முதல் தளிர், காக்கையினத்துப் பறவைகள் கூடு கட்டுதல், தவளையின் முதற்குரல், தென்றிசையினின்று மீளும் தகைவிலான் குருவி, குக்கூ எனக் கூவும் குயில், மஞ்சள் வண்ணத்துப்பூச்சி என அவர் நோக்கிய அறிகுறிகள் 27. இவ்வாறு அரை நூற்றாண்டுக்கு மேல் திரட்டிய குறிப்புகளை, 1789ஆம் ஆண்டில் இலண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் அவர் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது எண்பதைக் கடந்திருந்தது.

அதே 1789ஆம் ஆண்டிற்குரியதாக வெளிவந்த மற்றொரு நூல், செல்போர்ன் என்னும் சிற்றூரின் இயற்கை வரலாறு. அதனை எழுதியவர் அவ்வூரின் சமயகுரு கில்பர்ட் வைட் (1720–1793). அச்சிட்ட கட்டங்கள் கொண்ட குறிப்பேட்டில் 1768 முதல் தம் இறுதி நாட்கள் வரை அவர் நாள்தோறும் எழுதிவந்தார். உருவத்தால் பிரித்தறிதற்கு அரிய மூன்று சிறு பறவைகளை, அவற்றின் பாட்டைக் கேட்டே வெவ்வேறு இனங்கள் எனத் தெளிந்த கூர்மையர் அவர். நூல் வெளிவந்தபின் மார்ஷமும் வைட்டும் கடிதங்கள் வாயிலாக நட்புக் கொண்டனர். 1790இல் தொடங்கிய அக்கடிதப் போக்குவரத்து வைட் மறையும் வரை நீடித்தது.

ஈண்டு ஓர் உண்மை கருதத்தக்கது. குளிர்காலத்தில் தகைவிலான்கள் எங்கே செல்கின்றன என்பது அக்காலத்தில் விடை காணாத வினா. அவற்றுட் சில எங்கும் செல்லாமல் பொந்துகளில் ஒடுங்கி உறங்கக்கூடும் என்றே வைட் எண்ணினார். அக்கருத்துப் பிழையென்று பின்னாளில் தெளிவாயிற்று. பிரித்தானியத் தகைவிலான்கள் தென்னாப்பிரிக்கா வரை செல்கின்றன. எனினும், அவற்றை முதலிற் கண்டதாக அவர் எழுதிவைத்த நாட்கள் இன்றும் பயன்படுகின்றன. விளக்கம் மாறினும், கண்டதைக் கண்டவாறு எழுதிய குறிப்பு நிலைத்துவிட்டது.

தனி மனிதரின் இப்பழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கூட்டுப் பணியாக வளர்ந்தது. 1875ஆம் ஆண்டில் பிரித்தானிய வானிலையியல் கழகம் நாடெங்கும் பார்வையாளரைச் சேர்த்துப் பருவ நிகழ்வுகளைத் திரட்டலாயிற்று. அதனை முன்னின்று நடத்திய பிரெஸ்டன் பாதிரியார், மார்ல்பரோ கல்லூரி என்னும் பள்ளியின் ஆசிரியர். ஏறத்தாழ எழுபதாண்டுகள் நடைபெற்ற அப்பணி 1940களின் இறுதியில் நின்றுபோயிற்று. மார்ஷம் குடும்பத்தாரும் தம் முன்னோர் தொடங்கிய பதிவைத் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தனர். இடையிற் சில ஆண்டுகள் விடுபட்டனவேனும், 1958 வரை அது நடைபெற்றது. அதன்பின் அவ்வேடும் மூடப்பட்டது. பூ மலர்ந்த நாளை எழுதிவைப்பது முதியோரின் பொழுதுபோக்கு என்றே அக்காலத்தில் பலர் கருதினர்.

புவி வெப்பமடைகிறது என்னும் அச்சம் எழுந்தபோதுதான் பழைய ஏடுகளின் அருமை புலனாயிற்று. வெப்பமானி காற்றின் சூட்டைக் கூறும். அச்சூட்டிற்கு உயிர்கள் எவ்வாறு ஈடு கொடுக்கின்றன என்பதைக் கூறாது. அதற்கு மார்ஷமின் குறிப்பேடு வேண்டியிருந்தது. 1995ஆம் ஆண்டில் அக்குறிப்புகளை ஆராய்ந்த டிம் ஸ்பார்க்ஸ் முதலியோர், இளவேனில் வெப்பம் மிகுந்த ஆண்டுகளில் மரங்கள் முந்தித் தளிர்ப்பதைக் கணக்கிட்டுக் காட்டினர். 1998இல் ஸ்பார்க்ஸ் பார்வையாளர் வலையமைப்பை மீண்டும் தொடங்கினார். 2022இல் வெளிவந்த கேம்பிரிட்ஜ் ஆய்வொன்று, 406 தாவர இனங்களைப் பற்றிய நான்கு இலட்சத்திற்கும் மேற்பட்ட குறிப்புகளை ஒப்புநோக்கியது. 1987 முதல் 2019 வரை அவை, 1986 வரையிலான காலத்தினும் சராசரியாக ஒரு மாதம் முன்னதாகவே பூத்தன என்று அது கண்டது.

ஒரு மாதம் முந்திப் பூத்தலால் வரும் கேடு யாது? ஓக் தளிரைப் புழு உண்கிறது. அப்புழுவைப் பறவை தன் குஞ்சுக்கு ஊட்டுகிறது. தளிரும் புழுவும் வெப்பத்தைக் கண்டு விரைகின்றன. நெடுந்தொலைவிலிருந்து வரும் பறவையோ, பகற்பொழுதின் நீளத்தைப் பெரிதும் நம்பிப் பயணம் புறப்படுகிறது. அது வந்து முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும்போது புழுக்காலம் கடந்துவிடின், குஞ்சுகள் பசியால் மடியும். நெதர்லாந்தில் ஈப்பிடிப்பான் இனமொன்று இக்காரணத்தால் சில காடுகளில் பெரிதும் அருகியதை 2006இல் ஆய்வாளர் எடுத்துக்காட்டினர்.

இக்குறிப்புகளிற் குறையில்லாமலில்லை. முதற்பறவையைக் காண்பது காண்போர் தொகையையும் பொறுத்தது. நோக்கும் கண்கள் பலவாயின் நாள் முந்தும். ஆகவேதான் ஒரே இடத்தில், ஒரே முறையில், நீண்டகாலம் எழுதப்பட்ட ஏடு பெருமதிப்புப் பெறுகிறது. விடுபட்ட ஓராண்டை எக்கருவியாலும் மீட்டெழுத இயலாது.

நிலநடுக்கோட்டை அடுத்த மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இளவேனில் என்றொரு பருவம் இல்லை. எனினும், மார்ஷம் காத்திருந்த தகைவிலான் இனமே ஆசியாவின் வடபுலத்தினின்று ஆண்டுதோறும் இங்கு வந்து, சிறுநகரங்களின் மின்கம்பிகளில் வரிசையாக அமர்கிறது. வடக்கே இளவேனில் பிறக்கும் வேளையில் திரும்பிச் செல்கிறது. அது வரும் நாளையும் மீளும் நாளையும் எழுதப் பெருங்கருவி எதுவும் வேண்டா. பள்ளிக்கூடத்துச் சுவரில் ஓர் அட்டவணையும், ஒரு வகுப்பு விட்டுச் செல்வதை அடுத்த வகுப்பு ஏற்றுத் தொடரும் ஒழுங்கும் இருப்பின் போதும். அவ்வட்டவணையின் முழுப் பயனை அதனைத் தொடங்கிய மாணவர் காணாதிருக்கலாம். 1736இல் முதல் வரியை எழுதிய மார்ஷமும் கண்டாரல்லர்.