அஞ்சு ரூபாய் டாக்டருக்கு யார் டாக்டர்?

2018-ம் வருடம், டிசம்பர் 19. பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் அன்றைக்கு நீங்கள் போயிருந்தால், யாரோ பெரிய கட்சித் தலைவர் காலமாகிவிட்டார் என்றுதான் நினைத்திருப்பீர்கள். அப்படி ஒரு கூட்டம்! மீன் விற்கும் அம்மாக்கள், ஹார்பரில் மூட்டை தூக்குகிறவர்கள், ஆட்டோ டிரைவர்கள், ஸ்கூல் பிள்ளைகள்... எல்லோர் கண்ணிலும் தண்ணீர்.

இறந்துபோனவர் தலைவர் இல்லை. டாக்டர் ஜெயச்சந்திரன். வயது 71. 1971-ல் ராயபுரம், காசிமேடு வட்டாரத்து ஜனங்களுக்கு வைத்தியம் பார்க்க உட்கார்ந்தபோது அவர் வாங்கிய ஃபீஸ் 2 ரூபாய். நாற்பத்தேழு வருஷம் கழித்து? 5 ரூபாய்! 2017-ல் ‘மெர்சல்’ படத்தில் விஜய் அஞ்சு ரூபாய் டாக்டராக வந்தாரே... வடசென்னைக்காரர்களுக்கு அது சினிமாக் கதையாகவே தோன்றவில்லை. ‘அட, இது நம்ம டாக்டர்தானே!’ என்றார்கள்.

இவர் ஒருத்தர்தான் என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்தில் எருக்கஞ்சேரி, வியாசர்பாடிக்குப் போனால் இன்னொருவர். டாக்டர் திருவேங்கடம் வீரராகவன். ஸ்டான்லி மெடிக்கல் காலேஜ் மாணவர். 1973-ல் ஆரம்பித்தார். அதே 2 ரூபாய். பின்னால் அதே 5 ரூபாய். “காமராஜர் புண்ணியத்தில் நான் காசு கொடுக்காமல் படித்தேன். அதனால் காசு வாங்காமல் பார்க்கிறேன்” என்கிற அர்த்தத்தில் சொல்லிக்கொண்டிருந்தவர். காலையில் ஆரம்பித்தால் ராத்திரி வெகுநேரம் வரை நோயாளிகள். 2020 ஆகஸ்டில் அவரும் போய்விட்டார்.

இந்த இரண்டு பேரையும் பற்றிப் பேசும்போது எல்லோரும் ஃபீஸைப் பற்றியே பேசுகிறோம். நான் உங்களிடம் கேட்க நினைப்பது வேறு. தினமும் நூறு பேருடைய வலியைக் காதில் வாங்கிக்கொள்ளும் ஒரு மனுஷன், தன் வலியை எங்கே கொண்டுபோய் இறக்கிவைப்பான்? சொந்தமாக ஒரு ரூம் போட்டு, போர்டு மாட்டி உட்காருகிற டாக்டருக்கும் சரி, மனநல ஆலோசகருக்கும் சரி, இது சாதாரணக் கேள்வி இல்லை.

இதைப் புரிந்துகொள்ள ஒரு இருநூறு, இருநூற்றைம்பது வருஷம் பின்னால் போகவேண்டும். வாருங்கள்!

*

1780-ல் ஹைதர் அலியின் குதிரைப்படை கர்நாடகச் சீமைக்குள் பாய்ந்தது. வயல்கள் எரிந்தன. பசியோடு ஜனங்கள் மெட்ராஸை நோக்கி ஓடிவந்தார்கள். 1782-ல் வடக்கு மெட்ராஸில் கஞ்சி ஊற்ற ஒரு சத்திரம் எழும்பியது. ‘மணியக்காரர் சத்திரம்’ என்பது வெள்ளைக்காரர்கள் வாயில் ‘மோனேகர் சௌல்ட்ரி’ ஆயிற்று. நம் ஜனங்கள் அதெல்லாம் கண்டுகொள்ளவில்லை. அவர்களுக்கு அது ‘கஞ்சித்தொட்டி’. அவ்வளவுதான்!

வயிறு நிறைந்தவனுக்கு அடுத்து மருந்து வேண்டுமே? 1799 வாக்கில் அங்கேயே ஏழைகளுக்கு ஓர் ஆஸ்பத்திரி முளைத்தது. கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி! பிற்பாடு ராயபுரம் மெடிக்கல் ஸ்கூல் வந்தது. கவர்னர் ஸ்டான்லி பெயரைச் சூட்டிக்கொண்டு, 1938-ல் அது மெடிக்கல் காலேஜாக உயர்ந்தது. 1973-ல் அங்கிருந்து வெளியே வந்த ஒரு டாக்டர் 2 ரூபாய்க்கு வைத்தியம் பார்த்தார் என்றால், அது வானத்திலிருந்து குதித்த அதிசயம் இல்லை. அந்த மண்ணிலேயே கஞ்சி வாசனை இருக்கிறது.

ஆனால், அதே மெட்ராஸில் அதே காலத்தில் வேறொரு வழியும் இருந்தது. கம்பெனி சர்ஜன் வாலன்டைன் கானலி என்பவர் 1794-ல் புரசைவாக்கம் பக்கம் மனநோயாளிகளுக்கு ஒரு விடுதி தொடங்கினார். விடுதி அவருடையது. கம்பெனி அதற்கு வாடகை கொடுத்தது. பிற்பாடு அது கைமாறி, டால்டன் என்ற டாக்டரிடம் வந்தது. ஊரே அதை ‘டால்டன் பைத்தியக்கார ஆஸ்பத்திரி’ என்று சொல்லிற்று. வீடு வாங்குவதுபோல் மனநோயாளிகள் விடுதியையும் வாங்கலாம், விற்கலாம்! 1871-ல் கீழ்ப்பாக்கத்தில் 145 நோயாளிகளோடு அரசாங்கமே மனநல ஆஸ்பத்திரி நடத்த ஆரம்பித்த பிறகுதான் இந்தக் கதை மாறியது.

ஆக, வைத்தியம் என்பது ஒரு பக்கம் கஞ்சித்தொட்டி. இன்னொரு பக்கம் வியாபாரம். தனியாக கிளினிக் வைக்கிற ஒவ்வொருவரும் இந்த இரண்டுக்கும் நடுவில் கட்டிய கயிற்றில் நடக்கிறவர்கள்தான். ஒரு பக்கம் அதிகமாகச் சாய்ந்தால் மனசாட்சி விழும். மறுபக்கம் அதிகமாகச் சாய்ந்தால்... ஆளே விழுவார்!

*

ஆள் விழுந்த கதை ஒன்று சொல்கிறேன். இடம், நியூயார்க்.

ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர். ஜெர்மனியில் பிறந்த யூதர். சின்னப் பையனாக ஹிட்லரின் ஆட்களிடமிருந்து தப்பித்து அமெரிக்கா வந்தவர். படித்து, மனநல நிபுணராகி, வசதியான ஏரியாவில் சொந்தமாக கிளினிக் போட்டார். பகலெல்லாம் அங்கே வேலை. சாயங்காலம் நகரத்தின் இன்னொரு மூலைக்கு ஓடுவார். அங்கே போதைக்கு அடிமையான இளைஞர்களுக்காக ஓர் இலவச கிளினிக். காசு கிடையாது. நள்ளிரவைத் தாண்டியும் வேலை நடக்கும்.

ஒருமுறை குடும்பத்தோடு லீவுக்குக் கிளம்ப வேண்டும். மனிதரால் படுக்கையைவிட்டு எழுந்திருக்கவே முடியவில்லை! என்ன செய்தார் தெரியுமா? ஒரு டேப் ரெக்கார்டரை எடுத்துவைத்துக்கொண்டு, தானே பேசிப் பதிவு செய்து, பிறகு ஒரு நோயாளியின் பேச்சைக் கேட்பதுபோல் கேட்டார். அந்தக் குரலில் இருந்த களைப்பும் கோபமும் அவரையே திடுக்கிட வைத்தன.

இலவச கிளினிக்கில் தன்னோடு உழைத்தவர்களைக் கவனித்தார். அவர்களுக்கும் இதே கதைதான். ஆர்வமாக வந்தவர்கள் ஒரு வருஷத்தில் எரிச்சல்காரர்களாக, நம்பிக்கை இழந்தவர்களாக மாறியிருந்தார்கள். போதைப் பழக்கத்தால் சீரழிந்தவர்களைக் குறிக்க அந்தத் தெருவில் புழங்கிய ஒரு வார்த்தையை எடுத்து, 1974-ல் ஒரு கட்டுரை எழுதினார். ‘பர்ன் அவுட்’. எரிந்து தீர்ந்துபோவது! இன்றைக்கு ஐ.டி. கம்பெனிப் பையன் வரை எல்லோரும் சொல்லும் வார்த்தை, முதலில் வைத்தியம் பார்க்கிறவனுக்காகப் பிறந்த வார்த்தை. 2019-ல் உலக சுகாதார நிறுவனமும், ‘இது நோயல்ல, வேலையிடத்தில் தீராமல் சேர்கிற அழுத்தத்தின் விளைவு’ என்று தன் பட்டியலில் எழுதிக்கொண்டது.

வருஷங்களைக் கவனியுங்கள். 1971, ஜெயச்சந்திரன். 1973, திருவேங்கடம். 1974, ஃப்ராய்டன்பெர்கர். ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. ஆனால், கிளினிக் வாசலில் நின்ற க்யூ ஒன்றுதான்!

*

அப்படியானால் நம் அஞ்சு ரூபாய் டாக்டர்கள் எப்படி இத்தனை வருஷம் தாக்குப்பிடித்தார்கள்?

கொஞ்சம் கணக்குப் போடுங்கள். நூறு பேர் வந்தாலும் 500 ரூபாய். வாடகை, கரண்ட் பில், உதவிக்கு இருக்கும் பெண்ணுக்குச் சம்பளம்... ஊஹூம், கட்டாது. திருவேங்கடம் தொழிலக மருத்துவத்திலும் பயிற்சி பெற்றிருந்தார். அந்த வழியில் வேறு வருமானம் வந்தது. ஜெயச்சந்திரனின் மனைவியும் டாக்டர். அதாவது, வீட்டு அடுப்பு 5 ரூபாயை நம்பி எரியவில்லை. இதுதான் முதல் பாடம். சேவைக்குப் பின்னால் கணக்குப் புத்தகம் ஒழுங்காக இருக்கவேண்டும். வீட்டில் பற்றாக்குறை இருந்தால் கருணை ரொம்ப நாள் தாங்காது. குறைந்தது 100 ரூபாயாவது வாங்கச் சொல்லி அக்கம்பக்கத்து டாக்டர்கள் திருவேங்கடத்திடம் சண்டைக்கே போனார்கள். அவர்களைத் திட்டவும் எனக்கு மனசு வரவில்லை. எல்லோருக்கும் இரண்டாவது வருமானம் இருக்காதே!

இரண்டாவது விஷயம், நேரம். வியன்னாவில் சிக்மண்ட் ஃப்ராய்ட் இதில் ரொம்பக் கறார். ‘இந்த மணி உன்னுடையது. நீ வந்தாலும் வராவிட்டாலும் அதற்குக் காசு’ என்பது அவர் கொள்கை. 1913-ல் எழுத்திலேயே வைத்தார். கோடை வந்தால் கிளினிக்கைப் பூட்டிவிட்டு மலைப் பக்கம் போய்விடுவார். கல்நெஞ்சம் என்று தோன்றுகிறதா? அதே ஃப்ராய்டுதான் 1918-ல், ‘ஏழைகளுக்கு மனநல சிகிச்சை இலவசமாகக் கிடைக்கும் காலம் வரவேண்டும்’ என்று பேசினார். அதைத் தொடர்ந்து பெர்லினிலும் வியன்னாவிலும் இலவச கிளினிக்குகள் வந்தன. ஒரு டாக்டர் தன் தலையிலேயே எல்லாவற்றையும் சுமக்காமல், பல பேர் சேர்ந்து சுமக்க ஓர் இடம்.

நம் ஊரில் எதிர் உதாரணமும் உண்டு. சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரி வாசலில் சிலையாக நிற்கிறாரே, டாக்டர் ரங்காச்சாரி. அரசாங்க வேலையை விட்டுவிட்டு சொந்தமாக நர்சிங் ஹோம் நடத்தியவர். ரோல்ஸ் ராய்ஸ் கார், நோயாளிகளைப் பார்க்கச் சொந்த விமானம்! ஏழைகளுக்கு இலவசம். ஒரு நாளைக்குப் பதினெட்டு மணி நேரம் உழைப்பார் என்பார்கள். 1934-ல் டைஃபாய்டில் போய்ச் சேர்ந்தார். வயது ஐம்பதை ஒட்டித்தான். உழைப்பால்தான் செத்தார் என்று நான் சொல்லவரவில்லை. ஊரே அவர் கையை நம்பியிருந்தது. அந்தக் கைக்கு ஓய்வு கொடுக்கவேண்டும் என்று எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கும்?

*

கடைசியாக, மறுபடி நம் வடசென்னை.

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் கச்சா எண்ணெய் படர்ந்தது. வலையெல்லாம் கறுப்பு. அதே மாதம் 26-ம் தேதி, நள்ளிரவு நேரம். பெரியகுப்பம் பக்கம் அம்மோனியா கசிந்தது. மூச்சு முட்ட, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் இருட்டில் ஓடினார்கள். இப்படி ஓடியவர்கள் ஒரு மாதம் கழித்து, ‘தூக்கம் வரலை டாக்டர்’ என்று எங்கே போய் நிற்பார்கள்? மனநல நிபுணரைத் தேடியா? தெருமுனை கிளினிக்குக்குத்தான். தலைவலி மாத்திரை கேட்க வந்தவர் கணவனைப் பற்றி அழுவார். இருமலுக்கு வந்தவர் கடனைப் பற்றிச் சொல்வார். அந்த டாக்டர் டிகிரியில் மனநல நிபுணர் இல்லை. வேலையில் அதுவும்தான்.

1986-ல் சென்னையில் தொடங்கிய ‘சிநேகா’ தற்கொலைத் தடுப்பு மையத்தில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. காது கொடுத்துக் கேட்கும் தொண்டர்கள் முறைவைத்து வருவார்கள். ஒருவருடைய முறை முடிந்தால் அடுத்தவர் உட்காருவார். ஆனால், தெருமுனை கிளினிக்கில் அடுத்தவர் யார்? கேஷுவல் லீவு உண்டா? பி.எஃப். உண்டா? ‘இன்றைக்கு எனக்கே மனசு சரியில்லை’ என்று சொல்லிக்கொள்ள ஓர் ஆள்தான் உண்டா?

தனியாகத் தொழில் செய்யும் டாக்டர்களும் ஆலோசகர்களும் மாதத்தில் ஒரு சாயங்காலம் நாலு பேராகக் கூடி உட்காரட்டும். பெயர் சொல்லாமல் தங்கள் கனத்தைப் பகிர்ந்துகொள்ளட்டும். ஒருவர் லீவு போட்டால் இன்னொருவர் பார்த்துக்கொள்ளட்டும். இதற்குக் கோடிகள் வேண்டாம், நாலு நாற்காலி போதும்.

நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் தெருவிலும் ஒரு டாக்டர் இருப்பார். ‘டாக்டர் இன்று வரமாட்டார்’ என்று போர்டு தொங்கினால் அலுத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த முறை போகும்போது, சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்திருக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

“நீங்க சாப்பிட்டீங்களா டாக்டர்?”

ஊர்வலத்தில் நடக்க ஆயிரக்கணக்கில் வந்தோம். இதைக் கேட்க ஒருத்தர் வந்தால் போதும்.